துண்டுக்கு அடியில் நான்கு எண்கள்

லீட்ஸ்,
9-11-1980

அன்புள்ள மாமாவுக்கு,

கமலவேணி எழுதுவது. குளிர் ஆரம்பித்துவிட்டது என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இங்குள்ளவர்களிடம் சொல்ல முடியாது. தினம் பார்ப்பவர்கள், சிரிப்பார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்தால் கையில் பஸ்ஸுக்குக் கூடக் காசு இல்லை. பேங்க் பூட்டிக் கிடக்கிறது. பேங்கின் வெளிச்சுவரில் ஒரு மிஷின் பதித்திருக்கிறார்கள். போன வாரம் எனக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவு, பிளாஸ்டிக். அதை அந்தச் சுவரில் இருந்த சந்துக்குள் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பயந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு பச்சை எழுத்தில், உன் ரகசிய எண்ணைப் போடு என்று கேட்டது. நான்கு எண்கள். போட்டேன். எவ்வளவு வேண்டும் என்றது. சொன்னேன். உள்ளே கரகரவென்று ஏதோ ஓடியது. ஒரு சின்னக் கதவு திறந்தது, நோட்டு வந்து நின்றது.

சுவரைப் பார்த்து "தேங்க்யூ" என்று சொன்னேன் மாமா. வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் நின்ற கிழவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பூட்டிய பேங்க். உள்ளே ஒரு மனுஷர் இல்லை. நான் யார் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? குடியாத்தத்துத் தறிக்காரர் மகள், கறுப்பாக, தலையில் கம்பளித் தொப்பியோடு நிற்கிறேன். எதுவும் கேட்கவில்லை. அந்த நான்கு எண்கள் தெரிந்தவள் நான்தான் என்பது அதற்குப் போதும்.

அட்டை ஒரு கவரில் வந்தது, எண் வேறு நாளில் வேறு கவரில் வந்தது. மனப்பாடம் செய்துவிட்டுத் தாளை எரித்துவிடு, யாரிடமும் சொல்லாதே, கட்டிய கணவனிடமும் சொல்லாதே என்று பேங்கில் ஒரு அம்மாள் கறாராகச் சொன்னாள். அத்தைக்கு என் வணக்கம்.

கமலவேணி


ஆம்பூர்,
27-11-1980

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல அண்ணன்தான் பிரித்து, கூடத்தில் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். நீ சுவருக்குத் தேங்க்யூ சொன்ன இடத்தில் சிரித்துவிட்டு அம்மா கேட்டாள்: "அந்த செவத்துக்குள்ள எந்தப் புண்ணியவான் குந்திக்கினு எடுத்துக் குடுக்கிறான்? அவனுக்கு சோறு யார் போடுறாங்க?" ஆளே இல்லை என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுக்க நம்பவில்லை.

அன்று டேனரியில் எனக்கு வேலை ஓடவில்லை. தோல் ஒவ்வொன்றையும் விரலில் நீவிப் பார்த்து, இது கனம், இது மெலிசு என்று பிரித்துப் போடுகிற வேலை எனக்கு. ஈரத்தோல் இரண்டு ஒட்டிக்கொண்டால் என் விரலுக்கே சில நேரம் தெரியாது. புது நோட்டும் அப்படித்தானே ஒட்டும்? உன் மிஷின் ஒன்றுக்கு இரண்டாக இழுத்துக் கொடுத்துவிட்டால்? இல்லை, குறைத்துக் கொடுத்தால் சுவரோடு யார் சண்டை போடுவது? முதலாளி நிசார் அஹமது அவர்களிடம் கேட்டேன். ஜெர்மனிக்குப் போனபோது அவரும் பார்த்தாராம், பயந்துகொண்டு கிட்டப் போகவில்லையாம். அதனால் இந்த ஊரில் அதைத் தொட்ட ஒரே ஆளின் புருஷன் நான். டேனரியில் இப்போது என் நடையே வேறு.

அதெல்லாம் இருக்கட்டும். உன் எண் என்ன? நம் கல்யாணத் தேதியா? அண்ணன் கேட்கிறார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

பரந்தாமன்


லீட்ஸ்,
20-12-1980

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் கிடைத்துவிட்டார். கால் உடைந்து எங்கள் வார்டில் படுத்திருக்கிறார். வேலை என்ன என்று கேட்டால், அந்த மிஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என்கிறார். விடுவேனா? கட்டு மாற்றும்போதெல்லாம் ஒரு கேள்வி.

உள்ளே இரும்புப் பெட்டகம் இருக்கிறதாம். அதில் டப்பா டப்பாவாக நோட்டுகள். ரப்பர் சக்கரம் ஒன்று மேல் நோட்டை மட்டும் வழித்து இழுக்கிறது. போகிற வழியில் இரண்டு உருளைகளுக்கு நடுவே அந்த நோட்டு நுழைகிறது. நோட்டு ஒன்றாக இருந்தால் உருளை இவ்வளவு விலகும், இரண்டாக ஒட்டியிருந்தால் கூட ஒரு மயிரிழை விலகும். அந்த மயிரிழை அதற்குத் தெரிகிறது மாமா. தெரிந்ததும் அந்த நோட்டுகளை வெளியே விடாமல் தனித்தட்டில் தள்ளிவிட்டு வேறு எடுக்கிறது. என் வீட்டுக்காரர் விரலும் இதே வேலைதான் செய்கிறது என்று அவரிடம் சொன்னேன். அந்த விரலைப் பார்க்க வேண்டும் என்றார்.

அட்டையின் முதுகில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது. டேப் ரிக்கார்டர் நாடா மாதிரிதான், அதில் பாட்டுக்குப் பதில் என் கணக்கு எண் பதிந்திருக்கிறது. மிஷின் அதைப் படித்து, டெலிபோன் கம்பி வழியாக எங்கோ வேறு ஊரில் இருக்கிற கம்ப்யூட்டரிடம், இவள் போட்ட எண் சரியா, இவள் கணக்கில் இருக்கிறதா என்று கேட்கிறது. அங்கிருந்து சரி என்று பதில் வருகிறது. நான் மூக்கைத் துடைத்துக்கொள்வதற்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது. இதைக் கேட்ட பிறகு அந்தச் சுவரைக் கடக்கும்போது கோயிலைக் கடப்பது போலக் கால் தானாக மெதுவாகிறது.

மூன்று தடவை எண்ணைத் தப்பாகப் போட்டால் அட்டையை விழுங்கிவிடுமாம். அப்போது பக்கத்தில் எவனாவது உதவிக்கு வந்தால் பேசாதே, மறுநாள் பேங்குக்குள் போய்க் கேள் என்றார். எண்ணை எழுதி அட்டையோடு வைத்துக்கொள்வதைப் போல முட்டாள்தனம் இல்லையாம். பணம் வந்ததும் அங்கேயே நின்று பெருமை பார்க்காமல் பைக்குள் வைத்து நடக்க வேண்டுமாம்.

நீங்கள் கேட்ட மாதிரி அது கல்யாணத் தேதி இல்லை. அந்த எண் பேங்க் கொடுத்தது, என் இஷ்டம் இல்லை. என்னவென்று மட்டும் கேட்காதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கமலவேணி


ஆம்பூர்,
18-1-1981

கமலவேணிக்கு,

பொங்கல் முடிந்தது. நன்றாக இல்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியை அண்ணன் இரண்டு தடவை படித்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "புருஷனுக்குத் தெரியாத நம்பர் ஒண்ணு அவளுக்கு வந்துடுச்சு, இனிமே அவ எங்க வரப்போறா" என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். தோல் மண்டியில் என்னைப் பார்த்து விரலால் நான்கு காட்டிச் சிரிக்கிறார்கள். அம்மா திண்ணைக்கு வருவதையே விட்டுவிட்டாள். அதுதான் ஜாஸ்தி வலிக்கிறது.

உன் சம்பளம் எனக்கு வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். எண் மட்டும் வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஆம்பூரில் நான் என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் கிழிக்க முடியாது. அப்படியும் சொல்ல மாட்டேன் என்றால், நீ பயப்படுவது திருடனுக்கு இல்லை, எனக்கு.

ஏப்ரலில் லீவில் வருகிறாய். அதற்குள் சொல்ல மனம் வரவில்லையென்றால் ரயிலில் குடியாத்தம் ஸ்டேஷனிலேயே இறங்கி உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு. ஆம்பூர்வரை வர வேண்டாம்.

பரந்தாமன்


லீட்ஸ்,
8-2-1981

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் உங்கள் அண்ணன் உரக்கவே படிக்கட்டும். கூடத்தில் நின்று படிக்கட்டும்.

கல்யாணமான புதிதில், முதலாளிக்குத் தோல் வாங்கப் போகிற மண்டி நாளில் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன், இன்றைக்கு என்ன விலைக்கு முடித்தீர்கள் என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே, "துண்டுக்குள்ள நடந்தத வெளிய கேக்கக் கூடாது வேணி" என்பீர்கள். பச்சைத் தோலை நடுவில் போட்டு, நீங்களும் தோல் விற்கிற மஹபூப் பாஷா பாயும் எதிரெதிரே உட்கார்ந்து, மேலே துண்டை விரித்து, அடியில் விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசுவீர்கள். சுற்றி இருபது பேர் நிற்பார்கள், ஒருவருக்கும் தெரியாது. பாஷா பாயின் சொந்தத் தம்பி குனிந்து பார்த்தான் என்று நீங்கள் துண்டை உதறிவிட்டு எழுந்து வந்ததை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி திருடனா? இல்லை. வழக்கம் அது. நான் அதற்காக ஒரு நாளாவது அழுதேனா? என்மேல் நம்பிக்கை இல்லை என்று அம்மா வீட்டுக்குப் போனேனா?

இதையும் கேளுங்கள். போன வாரம் பனி கொட்டுகிறது, விரல் விறைத்து மிஷினில் எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டேன். அட்டை திரும்பி வந்தது. அப்போது பின்னால் ஒரு குரல்: "இன்னாம்மா, மிஷின் பேஜார் பண்ணுதா?" தமிழ். அதுவும் நம் பக்கத்துத் தமிழ். இந்த ஊருக்கு வந்து இத்தனை மாதத்தில் தெருவில் நான் தமிழ் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்து அழுதேவிட்டேன். நம்மவர், வயசானவர், கம்பளி மில்லில் வேலையாம். சொந்த ஊர் நாட்றம்பள்ளியாம். ஆம்பூர் என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் பஸ் பேர், கடை பேர் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு அவர் கிட்டே வந்து கையை நீட்டினார். "குடு, நான் போட்டுக் காட்றேன். நம்பர் இன்னா, சொல்லு."

முதல் எண் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது மாமா. அந்த பாஷையைக் கேட்ட சந்தோஷத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்திருப்பேன். ஏனோ அந்த நேரத்தில் உங்கள் துண்டு ஞாபகம் வந்தது. கழுத்தில் இருந்த கம்பளித் துணியை உருவிக் கைமேல் போட்டுக்கொண்டேன். "கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்கண்ணா" என்றேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "நம்ம ஊர்ப் பொண்ணுன்னு வந்தேன். என்னைத் திருடன்னு நெனச்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பனியில் நடந்து போய்விட்டார்.

அவர் நல்லவரா கெட்டவரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லவராகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் ஆளை ஆராய்ந்து முடித்த பிறகா கையை மறைக்க முடியும்? எல்லோருக்கும் மறைத்தால்தான் அது மறைப்பு. உங்களுக்கும் அதேதான். நீங்கள் திருடர் என்று நினைத்து நான் மறைக்கவில்லை.

என்னைக் குடியாத்தத்தில் இறங்கச் சொல்கிறீர்கள். அன்று முழுக்க அழுதேன். இப்போது அழவில்லை.

கமலவேணி


ஆம்பூர்,
1-3-1981

அன்புள்ள வேணிக்கு,

அண்ணன் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். மீதியை நானே படித்தேன். நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த நாட்றம்பள்ளிக்காரர் போன திசையையே நீ பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று நினைக்க எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

பாஷா பாயிடம் சொன்னேன். கையிலிருந்த தோலைக் கீழே போட்டார். பிறகு, "சீமையிலயும் துண்டு போட்டுத்தான் வியாபாரம் பண்றாங்களா" என்று வியந்துபோனார். மண்டியில் அன்று எல்லோரிடமும் அதே பேச்சு.

ஆனால் எனக்குப் புரிந்ததால் என்ன பிரயோஜனம்? அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. அண்ணன் வாயை மூட என்னால் முடியவில்லை. அதனால் ஒன்று யோசித்தேன். நீ வந்த அன்றைக்கே, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, நாம் எதிரெதிரே உட்காருவோம். துண்டு போடுவோம். எண்ணை விரலால் சொல்லிவிடு. மண்டிக்கணக்கு உனக்குத் தெரியும், நான்தானே விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தேன். எண் எனக்கு மட்டும் வரும். நீ சொன்னாய் என்பது அவர்களுக்குப் போகும். விவகாரம் தீர்ந்துவிடும்.

ஆம்பூரிலேயே இறங்கு. நான் ஸ்டேஷனில் நிற்பேன். பதிலை டேனரி விலாசத்துக்கு எழுது.

பரந்தாமன்


லீட்ஸ்,
22-3-1981

அன்புள்ள மாமாவுக்கு,

சரி. சொல்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை என்பதை மட்டும் நம்புங்கள். அத்தை சாப்பிடாமல் இருக்கும்போது நான் நான்கு எண்களைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. ஆனால் இன்னொருவருக்குச் சொன்ன எண்ணை வைத்திருக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இங்கே திரும்பி வந்ததும் அட்டையைப் பேங்கிலேயே கொடுத்துவிடுவேன். முன்னே மாதிரி கவுண்ட்டரில் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறேன். பேங்கில் பொய் சொல்லிக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. அதை நான் அவ்வளவு பெரிதாக நினைத்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.

உங்களுக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று எழுதுங்கள். அத்தைக்குக் கம்பளிப் போர்வை எடுத்துவிட்டேன்.

கமலவேணி


லீட்ஸ்,
24-5-1981

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே இப்போது வெயில் அடிக்கிறது, இவர்கள் அதை வெயில் என்கிறார்கள்.

இருந்த நாளெல்லாம் கேட்க நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள். மீனம்பாக்கம்வரை உங்கள் அண்ணனும் கூடவே வந்துவிட்டார். இப்போது கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்றைக்கு நீங்கள் துண்டை விரித்தீர்கள். அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் உங்கள் விரலைப் பிடிக்கப் போனேன். பிடிக்குமுன் என் விரல்கள் அத்தனையையும் சேர்த்து மடக்கி, உங்கள் கைக்குள் இறுக்கிக்கொண்டீர்கள். திறக்கப் பார்த்தேன், விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "முடிஞ்சது" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அத்தை எழுந்து வந்து என் கன்னத்தை வழித்து, "சாப்பிட வாம்மா" என்றார்கள்.

ஒரு எண்கூட நான் சொல்லவில்லையே மாமா. ஏன் அப்படிச் செய்தீர்கள்?

அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அந்தச் சுவரிடம் போனேன். சந்தில் வைக்கவே கை வரவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு போகலாம் என்று திரும்பிவிட்டேன்.

கமலவேணி


ஆம்பூர்,
11-6-1981

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதத்தைத் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி பக்கம் நின்று படித்தேன். அங்கே நாற்றத்துக்குப் பயந்து யாரும் வர மாட்டார்கள்.

நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் சொல்லவில்லை. துண்டை விரிக்கிறவரை அந்த எண் எனக்கு வேண்டியிருந்தது. அடியில் உன் கை வந்தது. என் விரலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வேணி, நான் எத்தனையோ கைகளைத் துண்டுக்கு அடியில் பிடித்தவன். விற்க மனசில்லாமல் விற்பவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கையிடம் நான் வாங்கியதே இல்லையா என்றால், வாங்கியிருக்கிறேன். நல்ல லாபம் பார்த்திருக்கிறேன். உன் கையிடம் முடியவில்லை.

அந்தக் கையை மடக்கிப் பிடித்தபோது எனக்கு உன் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஊரில், ஞாயிற்றுக்கிழமை பூட்டிய பேங்க் முன்னால் நீ தனியாக நிற்கிறாய். உலகத்தில் உனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறாய். யார் என்ன ஜாதி என்று கேட்காமல் சுவர் திறக்கிறது. என் பெண்டாட்டிக்குச் சுவர் திறக்கிறது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது. அதை நான் வாங்கி என் மடியில் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? போ, நாளைக்கே போ. அட்டையைக் கொடுத்துவிடாதே. கையை மறைத்துக்கொள்.

இங்கே எல்லாம் சுமுகம். அம்மா உன் போர்வையை இந்த வெயிலிலும் மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். அண்ணன்தான் விடுவதாக இல்லை. நேற்று டீக்கடையில் வைத்து, தனக்கு மட்டும் சொல்லச் சொல்லி, "நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்" என்று என் தொடையைத் தட்டினார். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டீயைக் கீழே வைத்துவிட்டு, "நீ என் கூடப் பொறந்தவன்தான். ஆனா அது மட்டும் முடியாது" என்றேன். மனுஷர் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் அதற்கப்புறம் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்றை இவ்வளவு ஜாக்கிரதையாக நான் காப்பாற்றியதே இல்லை.

பரந்தாமன்